பட்டுப் பிரிவில்தான் நிற்பேன்

ஐயம்பேட்டை

அன்பு மகள் திரிஷாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். புடவைக் கடை வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஓய்வாக இரு என்கிறாய். முடியாது கண்ணு.

மார்பை எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்து முடித்த பிறகு டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார், "படுத்துக்கினே இருந்தா ஒடம்பு ஏறிப்போவும், கை இறுகிக்கும், நடங்கம்மா" என்று. அதனால் அப்பா தான் ஓட்டும் ஷேர் ஆட்டோவில் கடைவாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றாலும் கேட்காமல் ரங்கசாமி குளம் ஸ்டாப்பிலேயே இறங்கிக் கடைக்கு நடக்கிறேன். ஆரம்பத்தில் பாதி வழியில் மூச்சு வாங்கியது, இப்போது இல்லை. காலையில் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்துகிறேன், வலிக்கத்தான் வலிக்கிறது. பக்கத்து வீட்டுச் செல்வி கஞ்சி மட்டும் குடி என்றாள், நான் கீரையும் சுண்டலும் மீனும் தின்கிறேன், எண்ணெயில் பொரித்ததையும் ஊறுகாயையும்தான் ஒதுக்கிவிட்டேன். பீடி வாசத்தோடு வந்தால் ஆட்டோவிலேயே படுத்துக்கொள் என்று அப்பாவிடம் சொன்னேன், கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு அங்கேயே படுத்தார், பிறகு பீடியை விட்டுவிட்டார். நீ அனுப்பிய மூலிகைப் பொடியை டாக்டரம்மாவிடம் காட்டினேன், மாத்திரை சாப்பிடும்போது வேண்டாம் என்றுவிட்டார், இனிமேல் அனுப்பாதே. இதெல்லாம் செய்தால் நோய் திரும்ப வரவே வராது என்று யாரும் எனக்கு உறுதி தரவில்லை. ஆனாலும் செய்வேன்.

கடையில் நடந்ததை வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார்கள். இப்போதுதான் முளைத்து வரும் என் தலைமுடியைப் பார்த்து கல்யாணப் பெண்ணின் அத்தை என்ன ஆச்சு என்று கேட்டாள். மார்பில் கேன்சர் வந்தது, ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறேன் என்றேன். உடனே அவள் "நல்ல காரியத்துக்கு எடுக்குறோம், வேற யாருனா காட்டட்டும்" என்றாள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையில் இருந்த புடவையை முந்தி தெரிய முழுதாக விரித்து அந்தப் பெண்ணுக்குக் காட்டி, "இது ஒட்டிக்கிற நோவு இல்லமா, பொடவ புடிச்சிருக்கா, அத மட்டும் சொல்லு" என்றேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மேனேஜர் மணிவண்ணன் ஓடி வந்து, "யக்கா, கொஞ்ச நாளு பின்னாடி குடோன்ல குந்திக்கினு ஸ்டிக்கர் ஒட்டுக்கா" என்றான். நான் அங்கேயே நின்றபடி, "பண்டல் தூக்கச் சொல்லாதப்பா, அது ஆவாது. ஆனா என்ன ஒளிச்சி வெக்காத. பட்டுப் பிரிவுலதான் நிப்பேன், வோணாம்னா மொதலாளியே வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்றேன். மறுநாள் முதலாளி வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், என்னை இடம் மாறச் சொல்லாமல் கல்லாவில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் என் இடத்திலேயே நின்றேன், இன்றும் நிற்கிறேன். மணிவண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கடை நிம்மதியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவிக் கொண்டு சாப்பிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, கிறிஸ்துமஸ் லீவுக்கு வா போதும். மாதம் ஒரு தடவை உன் மார்பை நீயே தொட்டுப் பார், வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு, இது அம்மாவின் கட்டளை. அடுத்த மாதம் எனக்குப் பரிசோதனை, முடிவு எப்படி வந்தாலும் நானே சொல்வேன். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. இனி போன் செய்தால் படுத்திருக்கிறாயா என்று கேட்காதே, இன்றைக்கு எங்கெல்லாம் போனாய் என்று கேள்.

உன் அம்மா,
சா. பொன்னியம்மாள்