இலையின் இரண்டு பாதிகள்

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
4 அக்டோபர் 1932

அன்புள்ள நோரா அம்மாளுக்கு,

பிலிப் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கு சுகம். முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தங்கள் சுகத்திற்கு எழுத வேண்டும். வழக்கம்போலப் பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் நிலவியல் கற்பித்தபோது கற்களுக்குச் சீட்டு எழுதிய பழக்கம். நிச்சயமில்லாதது பென்சிலில், நிச்சயமானபின் மையில். ஓய்வு பெற்றும் அது விடவில்லை.

நேற்று மாலை அடையாற்று முகத்துவாரம் வரை நடந்தேன். மணல்திட்டு வாயை முழுக்க அடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல். இவ்வளவு தூரம் வந்த ஆறு, என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. இப்படியெல்லாம் எழுதலாமா, தெரியவில்லை. வேண்டாமென்றால் அந்த வரியை விட்டுவிட்டுப் படிக்கவும்.

கேட்க வந்தது இதுதான். இருபது வருஷத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நம் கோயிலைச் சேர்ந்த ஆசிரியர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போனோமே, எல்லோரும் புளியஞ்சோற்றுக்கு உட்கார்ந்தபோது தாங்களும் நானும் ஓடைக்கரையில் ஒரு களிமண் கல்லைத் தட்டினோமே, நினைவிருக்கும். அது புத்தகம்போல் திறந்துகொண்டது. உள்ளே இலை. ஒரு பாதியில் நரம்புகள் மேடாக, மறு பாதியில் அதே நரம்புகள் பள்ளமாக. மேடு தங்களிடம், பள்ளம் என்னிடம். அந்த இலைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுத முயல்கிறேன். அளவெடுக்கத் தங்கள் பாதி வேண்டும்.

கல்லறைத் திருநாள் முடிந்ததும் தாங்கள் வால்டரோடு பெங்களூருக்கே குடிபோவதாகத் தங்கள் பள்ளிக்கூடத்து மர்சலின் பூசைக்குப்பின் சொன்னாள். அண்ணன் மகன் வீடு என்றால் சொந்த வீடுதான். நல்ல சீதோஷ்ணம். அதற்குமுன் கல் கிடைத்தால் நலம்.

தங்கள் நலம் கோரும்,
பிலிப்


சிந்தாதிரிப்பேட்டை
7 அக்டோபர் 1932

அன்புள்ள பிலிப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "நல்ல சீதோஷ்ணம்" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாற்பது வயதில் சொன்னாலும் அறுபதில் சொன்னாலும் நீங்கள் சீதோஷ்ணம்தான் சொல்வீர்கள் போலும். பென்சிலில் விடை எழுதிய பெண்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன், தெரியுமா?

கல்லைக் கேட்டிருக்கிறீர்கள். அனுப்புகிறேன். உங்களுடையதுதானே. இத்தனை வருஷம் ஏலக்காய் டப்பாவில் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டீ போடும்போதெல்லாம் கையில் படும். அப்பா படுக்கையில் இருந்த வருஷங்களிலும் அங்கேதான் இருந்தது. ஊரை விட்டுப் போகிறவளிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறைதான், குறை சொல்லவில்லை.

கல்லைத் துணியில் சுற்றும்போது பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ பார்த்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, கல்லுக்குப் போயி கண்ணு கலங்கிக்கினு கீறியே?"

"கேட்டவர் பெரிய படிப்பாளி. அளவெடுக்க வேணுமாம்."

"அளவா? இத்தினி வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தாராம் அந்தப் படிப்பாளி?"

கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதிவிட்டேன். பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். அவள் வீட்டுக்காரர் வலியுல்லாவின் ஜட்கா மயிலாப்பூர்ப் பக்கம் வருகிறது. அதில் கொடுத்தனுப்புகிறேன்.

நோரா


சாந்தோம்
17 அக்டோபர் 1932

அன்புள்ள நோரா அம்மாளுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பல தாள்களை எழுதிக் கிழித்தேன். திரும்பக் கேட்டேன் என்றா நினைத்தீர்கள்? அளவெடுக்கத்தான் கேட்டேன். அளவெடுக்க மட்டும்தானா என்று இன்று என்னையே கேட்டால் திணறுகிறேன். தெளிவாக எழுதத் தெரியாதவன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வலியுல்லா வாசலில் நின்று, "சார், ஒரு கல்லுக்கு ஒரு சவாரியா! நம்ம குதிரைக்கு வெக்கமா கீது" என்றார். உள்ளே கூப்பிட்டு அந்த இலையைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நேத்து வுயுந்த எல மாதிரி கீது சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடிப் பார்த்தேன். எங்கே பொருந்தாதோ என்று முதலில் ஓரங்களைத் தூசி போகத் துடைத்தேன். சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டன. ஏலக்காய் வாசனை என் மேசை முழுக்கப் பரவிவிட்டது. அது எந்த அளவிலும் சேராது.

பிறகு நாற்காலியிலேயே கண் அசந்தேன். கனவில் கடல் கிண்டியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. சாந்தோம் இல்லை, சிந்தாதிரிப்பேட்டை இல்லை, கூவம்கூட இல்லை. பறங்கிமலை மட்டும் அதே கரும்பாறையாகக் கரையில் நின்றது. இந்த இலை விழுவதற்கு முன்பே வயதானது அந்தப் பாறை. மேற்கே ஏதோ ஒரு மரத்திலிருந்து இலை விழுந்து, சிற்றாற்றில் மிதந்து, சிப்பிகள் கிடக்கும் சேற்றில் வந்து படுத்தது. மேலே சேறு மெல்ல மெல்ல மூடியது. யாரோ தட்டும்வரை அதற்கு அவசரமே இல்லை. விழித்தபோது, கல்லுக்கு அது சரி, மனிதனுக்குச் சரியா என்று நினைத்தேன்.

அளவெடுத்தாயிற்று. கல்லை வலியுல்லாவிடமே திருப்பி அனுப்புகிறேன். பெங்களூரில் அதை ஈரம் படாமல் வைக்கவும்.

பிலிப்


சிந்தாதிரிப்பேட்டை
19 அக்டோபர் 1932

அன்புள்ள பிலிப் அவர்களுக்கு,

கல் வந்தது. ஆனால் இது என் கல் இல்லை.

என் கல்லில் நரம்புகள் விரலுக்குத் தட்டுப்படும். டீ கொதிக்கும்வரை தடவிக்கொண்டிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதில் விரல் பள்ளத்தில் இறங்குகிறது. பின்பக்கம் உங்கள் சீட்டு வேறு ஒட்டியிருக்கிறது. நீங்கள் எனக்கு அனுப்பியிருப்பது உங்கள் பாதி.

மகா புத்திசாலி மாணவியும் கணக்கில் தவறு செய்வாள். ஆனால் கல்லை மாற்றி வைக்கிற ஆள் நீங்கள் இல்லை. கோயில் மணி நேரம் மாறி அடித்தாலும் உங்கள் பெட்டியில் கல் மாறாது என்று ஊரே சொல்லும்.

ஆகவே கேட்கிறேன். இது தவறுதானா? தவறானால் சொல்லுங்கள், வலியுல்லா இன்னொரு முறை வருவார். குதிரைக்கு வழி பழகிவிட்டதாம். தவறில்லையென்றால் அதையும் எழுதிச் சொல்லுங்கள். கல்லைப் பார்த்துப் படிக்க உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். எழுதியிருந்தால்தான் திருத்துவேன்.

வால்டர் சாமான் கட்ட ஆள் அனுப்பிவிட்டான். தகரப் பெட்டியும் தையல் மெஷினும் கூடத்தில் கயிறு கட்டி நிற்கின்றன. என் துணிமணிப் பெட்டியை மட்டும் இன்னும் கட்டவில்லை.

நோரா


சாந்தோம்
21 அக்டோபர் 1932

நோரா,

நேற்றெல்லாம் மழை. காலையில் குடையோடு முகத்துவாரம் போனேன். திட்டு உடைந்துவிட்டது. யாரும் வெட்டிவிடவில்லை, ஆறே நிறைந்து உடைத்திருக்கிறது. செம்மண் நிறத்தில் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. மீன்காரப் பெண்கள் கரையில் நின்று, "ஆறு போயிடிச்சுடி!" என்று கத்திச் சிரித்தார்கள். செருப்பு நனைந்ததைக்கூட வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

கேட்டதற்குப் பதில். தவறு இல்லை.

துணியில் சுற்றும்போது உன் பாதியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். விட மனமில்லை. என்னுடையதைச் சுற்றி அனுப்பினேன். ஒன்றை நீ வைத்திருந்தால் மற்றதைத் தேடி யாராவது ஒருவர் வந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தந்திரம்தான் எனக்கு வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிளந்த கல்லின் இரண்டு பாதிகளையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஓடைக்கரையில் நான் சொல்ல நினைத்தது அதுதான். அதற்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

பெங்களூருக்குப் போகாதே. என் வீடு சிறியது, கற்கள் அதிகம், ஜன்னலில் கடல் தெரியும். நம் வயதைப் பார்த்து யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். சாமியாரிடம் கோயிலில் நம் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாமா என்று நீ சொன்னபின் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் டிராமில் வருகிறேன். வாசல் வரை வந்து பேசாமல் நின்றுகொண்டிருந்தால் ஹாஜிரா பீயை விட்டு உள்ளே கூப்பிடச் சொல். அவள் கேட்ட கேள்விக்கும் நானே வந்து பதில் சொல்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். பேனா பிடித்து நாளாயிற்று. இந்தக் கடிதத்தை மையில் எழுதியிருக்கிறேன்.

உன்,
பிலிப்