பிறந்தநாளுக்கு வராத போட்டோ

காக்களூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஏஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகம் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், அது எந்த அளவு சுகம் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டால் மட்டும் அந்த மனுஷனுக்கு உடனே பாத்ரூம் வந்துவிடுகிறது, உள்ளே போய்க் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். அங்கே குளிர் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பாடம் நடத்துகிற நேரம் போகத்தான் மலை ஏறுகிறேன் என்கிறாய், எனக்கென்னவோ மலை ஏறின நேரம் போகத்தான் பாடம் நடத்துகிறாய் என்று தோன்றுகிறது. மேரி அத்தை பொதட்டூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் உன் போட்டோவைக் காட்டினாளாம். "பொண்ணு ஹைஸ்கூல் டீச்சர்னு சொன்னீங்க, இன்னாத்துக்கு கயித்துல தொங்கினுக்கீது?" என்று கேட்டார்களாம். நான் என்ன பதில் சொல்வது? திருவள்ளூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நடந்த பிள்ளைதானே நீ. கவர்மெண்ட் ஸ்கூலில் என்சிசி கேம்ப் என்று ஏலகிரிக்கு அனுப்பினேன், இறங்கி வந்தது வேறு யாரோ. நம் குடும்பத்தில் வெயிலில் நிற்பதை யாரும் ஆசைக்குச் செய்ததில்லை, கடம்பத்தூரில் உன் தாத்தா அடுத்தவர் வயலில் நின்றார், அப்பா கம்பெனி ஷெட்டுகளில் ஏறி சிமெண்ட் ஷீட் மாற்றுகிறார், முதல் பட்டதாரியாவது ஃபேனுக்குக் கீழே உட்காருவாள் என்று நினைத்தேன். இப்போது வீட்டில் இரண்டு பேர் மேலே ஏறுகிறீர்கள். ஒருவரைக் கூலி கொடுத்து ஏற்றுகிறார்கள், இன்னொருத்தி காசு கட்டி ஏறுகிறாள். கீழே நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு மட்டும் யாரும் எதுவும் தருவதில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்தபோது நடந்ததை நான் திரும்பக் கிளறவில்லை. ஆனாலும் நீ செய்தது சரியில்லை. சாப்பாடு கொண்டுபோன இடத்தில், அப்பா இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அதன் கொக்கியை எங்கும் மாட்டாமல் வால் போலத் தொங்கவிட்டு ஷீட்மேல் நடப்பதைப் பார்த்தாய். அங்கே எல்லோரும் அப்படித்தான், பெல்ட் கட்டுவதே சூப்பர்வைசர் பார்க்கத்தான். நீ கீழே இருந்து, "மொதல்ல கொக்கிய மாட்டுப்பா, அப்புறம் நடக்கலாம்" என்று பத்தாம் கிளாஸ் பையனை அதட்டுவதுபோல அதட்டினாய். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சும்மா இருப்பாரா? "காசு குட்த்து தொங்கறவ எனக்கு பாடம் எடுக்க வந்துட்டா" என்றார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நீ ஊருக்குப் போய், இடுப்போடு தொடையையும் சுற்றிக் கட்டுகிற நல்ல பெல்ட்டும் கயிறும் வாங்கி அனுப்பினாய். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கயிறு நல்ல கெட்டியாக இருக்கிறதே என்று நான்தான் கொல்லையில் கட்டித் துணி காயப்போட்டேன். கோபப்படாதே.

போன மாதம் உன் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லவில்லை என்று போனில் அழுதாய். எனக்கும் அன்று ஒன்றும் புரியவில்லை, உன்னோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டினேன். பாவம் அந்த மனுஷன். அதற்கு முதல் நாள் காலையில் ஈரத் துணியை எல்லாம் உருவிப் பக்கெட்டில் போட்டுவிட்டு அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தவர், போன் வேனில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். தொடையில் பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது, கேட்டால் வேர்க்குரு என்றார், நானும் பைத்தியக்காரி மாதிரி பவுடர் போட்டுவிட்டேன். நேற்றுதான் அவர்கூட வேலை செய்கிற குப்புராஜ் உண்மையைச் சொன்னார். அப்பா நீ அனுப்பிய பெல்ட்டைப் போட்டு, கொக்கியை இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, போனைக் குப்புராஜ் கையில் கொடுத்து, "டீச்சரம்மாவுக்கு நாளைக்கு பர்த்டே, கொக்கி நல்லா தெரியற மாதிரி எடுடா. எட்த்ததும் கழட்டிடுவேன், இத்த மாட்டிக்கினு எவன் வேலை செய்வான்" என்றாராம். தினமும் நடக்கிற இடம்தான், அவர் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே காலுக்குக் கீழே ஷீட் உடைந்தது. குப்புராஜ் அலறியதில் போன் கைநழுவி ஓட்டை வழியாகத் தரையில் போய் விழுந்து தூள்தூள். உங்கப்பா உன் கயிற்றில் தொங்கினார். தொங்கிக்கொண்டே, "போட்டோ எடுத்தியா?" என்று கேட்டாராம். மேலே இழுத்துப்போட்டதும், "என் பொண்ணுக்கு மட்டும் சொல்லிடாத, சொல்லிக்காட்டியே பேஜார் பண்ணிடுவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

மே மாதம் ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலை ஏறப்போகிறேன் என்றாய். போகவே கூடாது என்று எழுதத்தான் போன வாரமே பேப்பர் வாங்கி வைத்தேன். இந்த மலைப் பைத்தியம் உன்னை விட்டுப் போகவேண்டும் என்று நான் எத்தனை வருஷம் முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன் தெரியுமா? உபவாசம்கூட இருந்தேன். கர்த்தர் காதிலேயே வாங்கவில்லை என்று அவர்மேல் எனக்கு ரொம்ப வருத்தம். நேற்று குப்புராஜ் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கர்த்தர் மட்டும் அந்த ஜெபத்தைக் கேட்டிருந்தால், நான் இன்றைக்குத் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் கண்ணு.

போய்விட்டு வா. கர்த்தர் உன்னையும் உன்னோடு வருகிற பிள்ளைகளையும் பத்திரமாக ஏற்றி இறக்கட்டும். காதுக்குக் குல்லா போட்டுக்கொள். அப்பா வேறு போன் வாங்கிவிட்டார், நம்பர் அதேதான். நீயே கூப்பிட்டு, வாழ்த்து எங்கேப்பா என்று கேட்டு வாங்கிக்கொள். நாள் தாண்டிப்போய்விட்டதாம், இனிமேல் சொன்னால் நீ சிரிப்பாயாம், அதனால் தினமும் போனைக் கையில் எடுக்கிறார், உன் பேரைப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
விக்டோரியா யேசுதாஸ்