இரண்டு பதிவேடுகளிலும் இல்லாதவளுக்கு

என் தங்கை மகள் போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்தாள். மக்கள்தொகை பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். பழைய அரசாங்கப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசை மேல் பரப்பி வைத்தாள். மாநிலம் முழுவதற்குமான கருக்கலைப்புக் கணக்கு, ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக. பக்கத்திலேயே பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டே போவதைக் காட்டும் ஒரு கோடு. எழுபதுகளின் கடைசி வருடங்கள். வட ஆர்க்காடு என்ற வரியின் மேல் விரலை வைத்து, "பெரியம்மா, இதுல நீங்க போட்ட கணக்கும் இருக்குமில்ல?" என்று கேட்டாள். பெருமையாகத்தான் கேட்டாள்.

நான் அந்த வரியில் உன்னைத் தேடினேன். வெறும் அச்சடித்த எண் என்று தெரிந்தும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். நீ இல்லை. இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ அதில் வராமல் பார்த்துக்கொண்டவளே நான்தானே.

என் வேலையின் பெயரைக் கேட்டு நீ முதல் நாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த நம் சுகாதார நிலையத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். அப்போது அது இயந்திரம் இல்லை, ஆள். நீ நர்ஸ். அடி அண்ணாமலை பக்கத்துக் கிராமங்களெல்லாம் உன் பொறுப்பு. எனக்குச் சொந்த ஊர் போளூர், உனக்குச் செங்கம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வடக்குக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் மலை. நீ அதைப் பார்க்கவே மாட்டாய். நாள் முழுக்க அதைச் சுற்றித்தானே நடக்கிறேன், வீட்டுக்கு வந்தும் பார்க்கணுமா என்பாய்.

சாயங்காலம் நீ வெள்ளைப் புடவையை நீலம் போட்ட தண்ணீரில் அலசிக்கொண்டே அன்றைக்குப் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வாய். நான் கட்டம் போட்ட படிவங்களில் மாதக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பேன். கருத்தடை ஆபரேஷன் எத்தனை, கர்ப்பப்பையில் வைக்கும் லூப் எத்தனை, கருக்கலைப்பு எத்தனை, பிரசவத்தில் இறந்தவர்கள் எத்தனை. அது வேலூருக்குப் போகும். வேலூரிலிருந்து மெட்ராஸுக்குப் போகும். அங்கே எல்லா மாவட்டத்தையும் கூட்டி மாநிலக் கணக்கு ஆக்குவார்கள். நம் சுவர்களில் எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம். பிறப்பு குறைய வேண்டும், அது ஒன்றுதான் மேலே இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது.

கருக்கலைப்புக் கட்டத்தில் நம் நிலையத்துக்கு நேராக மாதாமாதம் சைபர்தான் போடுவேன். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அதைச் செய்யப் பயிற்சி எடுத்த டாக்டர் நம்மிடம் இல்லை. பஸ் ஏறி இன்னொரு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா, கையெழுத்து வேண்டும் என்பார்கள். அதோடு கருத்தடை ஆபரேஷனும் செய்துகொள்ளச் சொல்வார்கள். புருஷனிடம் சொல்ல முடிந்தவள் அங்கே போவாள். சொல்ல முடியாதவள் ஊர்க்கோடியில் குச்சி வைத்துக் கருவைக் கலைக்கும் ஒருத்தியிடம் போவாள். அப்படிப் போனவர்கள் எந்தக் கட்டத்திலும் வர மாட்டார்கள்.

ஒரு ஐப்பசியில் நீ புடவை முழுக்க ரத்தத்தோடு வந்து நின்றாய். நான்கு பிள்ளைகள் பெற்ற ஒருத்தி, ஊர்க்கோடிக்குப் போய் வந்தவள். கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அங்கேயே விழுந்துவிட்டாளாம். நீ மாட்டு வண்டியில் ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தாய். நம் நிலையத்துக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் அவளுடைய சாவுக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. நீ என் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றாய். டாக்டர் கூப்பிட்டு, அப்படி எழுதினால் விசாரணை வரும், போலீஸ் வரும், அந்தக் குடும்பத்துக்குத்தான் கஷ்டம் என்றார். நான் காய்ச்சல் என்று எழுதினேன்.

நீ நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"அவ என் மடியிலதான்டி செத்தா. எனக்கு எப்படின்னு தெரியும். உன் காகிதத்துக்கு மட்டும் தெரியாது."

அதற்குப் பிறகும் நான் காய்ச்சல் என்றே எழுதினேன். ரத்தசோகை என்று எழுதினேன். எத்தனை முறை என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அடுத்த மார்ச் மாதம். வருடக் கணக்கு முடிக்கும் மாதம் அது. ஒரு சாயங்காலம் நீ புடவையை வாளியில் ஊறப் போட்டுவிட்டு அலசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இரண்டரை மாதம் ஆகிவிட்டது என்றாய். எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ உன் வயிற்றின் மேல் கையை வைத்தாய்.

யார் என்று நீ கடைசி வரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவனிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அவன் இனிமேல் வர மாட்டான் என்றாய், அதுவும் பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வது போல. ஊரில் கல்யாணத்துக்குக் காத்திருந்த இரண்டு தங்கைகள் உனக்கு. உன் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பெண்களைக் கூட்டிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரிக்கு நீ போக முடியாது. அங்கே ஆயாவிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் உன்னைத் தெரியும். விழுப்புரத்துக்குப் போகலாம், அங்கே என்னை யாருக்கும் தெரியாது, ஆனால் தனியாகப் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றாய்.

"நீ கூட வாடி. அக்கான்னு சொல்லி ஒரு கையெழுத்து போடு. ரெண்டு நாள்தான்."

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொன்றாம் தேதி ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், இப்போது லீவு கொடுக்க மாட்டார்கள், அனுப்பிவிட்டு மறுநாளே போகலாம் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் அது மட்டும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் கோபம்கூட இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நீயே இப்படிச் செய்துவிட்டாயே என்ற கோபம். நீ விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாய். மூன்று மாதம் தாண்டினால் ஒரு டாக்டர் போதாது, இரண்டு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், கேள்வி ஜாஸ்தியாகக் கேட்பார்கள் என்றாய். அதற்குள் போய்விடலாம் என்றேன். சரி என்றாய். எழுந்து போய்ப் புடவையை அலசினாய்.

அதன் பிறகு நீ ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நர்ஸ் இரண்டு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ காலையில் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்க்கொண்டுதானே இருந்தாய். அறைக்கு ஓடி வந்தேன். நீ பாயில் சுருண்டு கிடந்தாய். உன் நெற்றியைத் தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன். அப்படிக் கொதித்தது. யாரிடம் போனாய் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர்க்கோடி என்று எனக்குத் தெரியும். நீதான் எத்தனையோ பெண்களை அங்கே போகாதே என்று தடுத்திருக்கிறாய்.

வாடகைக் கார் ஒன்று பிடித்து உன்னை விழுப்புரம் வழியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வெயில் கண்ணாடி வழியாக உன் முகத்தில் அடித்தது. என் முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன். நீ கண்ணைத் திறந்து, "என் பேர சொல்லாத. தங்கச்சிங்க இருக்குதுங்க," என்றாய். அதுதான் நீ தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். சரோஜா என்று வாயில் வந்ததைச் சொன்னேன். புருஷன் பெயர் கேட்டார்கள். அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். நீங்கள் யார் என்றார்கள். அக்கா என்றேன். கையெழுத்துப் போட்டேன். உனக்கு நான் போட வேண்டிய கையெழுத்துதான், நாள் மட்டும் தாண்டிவிட்டது.

மறுநாள் விடிந்த பிறகு நீ போய்விட்டாய். அங்கிருந்த பெண் டாக்டர் நல்லவர். என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சின்ன வேலைம்மா. அன்னிக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்."

காய்ச்சல் என்று எழுதி அனுப்பினார். அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் சரோஜா என்கிற, யாருமே இல்லாத ஒருத்தி காய்ச்சலில் செத்துப்போனாள்.

உன்னை உன் ஊருக்குக் கொண்டு போனேன். உன் அப்பா ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழவே இல்லை. உன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, என் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மஞ்சள் காமாலை, தெரியாமல் முற்றிவிட்டது என்றேன். மணியக்காரர் ஊர்ப் பதிவேட்டைக் கொண்டு வந்தார். உன் சொந்தப் பெயரை எழுதி, வீட்டில் இறந்தது, காரணம் மஞ்சள் காமாலை என்று எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். எனக்குத்தானே அந்த வேலை தெரியும். சரியாக இருக்கிறது என்றேன்.

இரண்டு பதிவேடும் மேலே போயின. மெட்ராஸில் உட்கார்ந்து கூட்டியவர்கள் உன்னை இரண்டு முறை கூட்டியிருப்பார்கள். காய்ச்சலில் ஒருத்தி, காமாலையில் ஒருத்தி. நீ செத்த காரணத்தால் ஒருத்தியும் சாகவில்லை. முப்பத்தொன்றாம் தேதி ரிப்போர்ட்டை அனுப்பினேன். அதில் நம் நிலையத்துக்கு நேராகக் கருக்கலைப்பு சைபர் என்று என் கையாலேயே எழுதினேன். ரிப்போர்ட் நேரத்துக்கு வந்துவிட்டது என்று வேலூரில் பாராட்டினார்கள்.

எண்பதுகளில் ஒரு முறை, செத்துப்போன ஒருத்தியின் பெயருக்கு நேராக, வெளியில் செய்துகொண்ட கருக்கலைப்பு என்று எழுதி அனுப்பினேன். படிவம் திரும்பி வந்தது. இப்படி ஒரு கட்டம் கிடையாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மறுபடியும் அப்படியே எழுதினேன். ஆறு மாதத்தில் ஆரணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பயிற்சி எடுத்த டாக்டர் ஒருவர் இருந்தார். துணைக்கு ஆள் இல்லாமல் வரும் பெண்களோடு நான் போய் உட்கார்ந்தேன். அக்கா என்று கையெழுத்துப் போட்டேன். அவர்களில் பலருடைய பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எதுவும் நேராகிவிடவில்லை. ஒவ்வொரு முறை பேனாவைக் கையில் எடுக்கும்போதும், இது உனக்குப் போட்டிருக்க வேண்டியது என்றுதான் தோன்றும். எழுதாமல் பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண் தனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று பயந்து என்னைப் பார்ப்பாள்.

தங்கை மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பிறப்பு எப்படிக் குறைந்தது என்று அவளுக்குத் தெரிந்ததை அவள் எழுதட்டும். என்ன கொடுத்துக் குறைத்தோம் என்பதை நான் எந்தத் தாளில் காட்டுவேன்?

உன் சின்னத் தங்கை செங்கத்தில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள், நிறைந்த வீடு. சிரித்தால் உன் ஜாடை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுகிறேன். உன் அம்மா போய்விட்டாள், அப்பா போய்விட்டார், தங்கைகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுத்தாயிற்று. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் கொல்லையில் கீழாநெல்லி போட்டு வைத்திருக்கிறாள். காமாலை வந்துவிடக் கூடாது என்று மோரில் அரைத்துக் கலந்து வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கிறாள், வருடா வருடம், கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். கடைசியாக எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வருவாள்.

"குடிங்கக்கா. எங்க அக்கா மாதிரி இந்த வீட்டுல இனிமே யாரும் போவக் கூடாது."

அவளுடைய பேத்திகளில் பெரியவளுக்கு இப்போது பதினேழு வயது. அவளும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். பிறகு என் டம்ளரை வாங்கிக் குடித்துவிடுகிறேன்.