எந்தப் பேச்சு உன்னுடையது?

இன்றைக்கு அயிலை மீன் குழம்பு வைத்தேன். தேங்காய் அரைத்து ஊற்றி, முருங்கைக்காய் வெந்து மணம் எழும்பியதும் கை தன்னால் மேல்தட்டுக்குப் போய் உன் சம்புடத்தை எடுத்துவிட்டது. சாப்பிட்டு மிஞ்சியதை "ராத்திரிக்கும் ஆவும்ட்டி" என்று நீ வாங்கிப்போகிற அதே சம்புடம். மூடியில் உன் பெயர் வெட்டியிருக்கிறது. நீ போய் ஏழு மாதமாகிறது. இதை உனக்கு எழுதாமல் எனக்குத் தீராது.

பதினான்கு வருஷம் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ கணக்கு, நான் விலங்கியல். "ஒனக்க பாடம் பேரு மனப்பாடம் பண்ணுத பாடம்ட்டி, அதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?" என்று வம்புக்கு இழுப்பாய். நான் வடசேரிக்காரி, நீ கடற்கரையில் பிறந்தவள். உனக்குப் போய் மீன் குழம்பு கொண்டுவந்த என் தைரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாளாவது நன்றாயிருக்கிறது என்றிருப்பாயா? தட்டில் கடைசிச் சொட்டு வரை வழித்துத் தின்றுவிட்டு, "புளி கூடிப்போச்சு மக்கா" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஒரு வாய் எடுத்தவள் அப்படியே துப்பினாய்.

"இதுல என்னமோ கலக்கியிருக்க. என்னக் கொல்லப் பாக்குதியா?"

உன் கண்ணில் விளையாட்டு இல்லை. அத்தனை ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி ஒனக்கு ஒரு பருக்கை தரமாட்டேன்" என்று எழுந்து போனேன். எட்டு நாள் உன்னோடு பேசவில்லை. பாதிக் கணக்கில் சாக்பீஸைப் பிடித்தபடி நீ விழித்து நின்றதையும், உறக்கமில்லாமல் கண் வீங்கி வந்ததையும் பார்த்தேன், பார்த்தும் பேசவில்லை. எட்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மா எனக்குப் படம் வரைந்து காட்டினார். நரம்பு செல்லின் மேற்பரப்பில் குளூட்டமேட் என்ற சேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகள், ரிசெப்டர்கள், இருக்கின்றன. அவை ஆணி அடித்தமாதிரி ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. சில புரதங்கள் அவற்றை மேலே கொண்டுவரும், சில பிடித்து நிறுத்தும், சில உள்ளே இழுக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டு மாதிரி ஓயாத போக்குவரத்து. உன் உடம்பே உண்டாக்கிய ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருள், அதுவும் ஒரு புரதம்தான், அந்த ஏற்பிகளைச் சேர்த்துக் கோத்துப் பிடிக்க, செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டதாம். அந்தச் சந்தேகம், உறக்கமின்மை, வலிப்பு எல்லாம் அதனால் வந்ததாம்.

"நரம்பு சாகல்ல டீச்சர். ரிசெப்டர் உள்ள போயிருக்கு. ஆன்டிபாடியக் கொறச்சா திரும்ப மேல வரும்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. என்னைக் கொலைகாரி என்றது நீ இல்லை.

சிகிச்சை தொடங்கி மூன்றாம் வாரம், நான் உன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாய். "ஒனக்க கொழம்பு மாதிரி ஒலகத்துல கெடையாதுட்டி. ஒன்னப்போல எனக்கு ஆரு இருக்கா?" வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன். இரண்டு நாளில் நுரையீரலில் கிருமி தொற்றி, மூச்சு முட்டிப் போய்விட்டாய்.

இப்போது நீயே சொல்லு. முதல் பேச்சு நோயின் பேச்சு என்றால் இரண்டாவது யாருடையது? அதே மூளை, அதே நோய். வேண்டாததை நோயின் தலையில் கட்டிவிட்டு வேண்டியதை மட்டும் உன் பெயரில் வைத்துக்கொண்டால் கணக்கு டீச்சர் நீ ஒத்துக்கொள்வாயா? இல்லை, அதற்குள் பாதி ஏற்பிகள் மேலே வந்திருந்தனவோ? எத்தனை வந்தால் அது நீ? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது ஆருக்கும் தெரியாது டீச்சர்" என்றார். அந்த எட்டு நாளில் நான் வாய் திறந்திருந்தால், முன்னாலேயே உன்னைக் கொண்டு காட்டியிருந்தால்? அதுவும் தெரியவில்லை. ஏற்பி, புரதம் என்று பெயர்களையெல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டேன்ட்டி. ஒன்றும் விளங்கவில்லை.

குழம்பில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். பதினான்கு வருஷம், உடம்புக்கு ஒன்றுமில்லாத நாட்களில், நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது உன் பேச்சு. அதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

புளி கூடித்தான் போச்சு மக்கா.