சிரிக்காமச் சொல்லு, அம்மணி

அப்பா,

இன்று காலை நம் தெருவில் கரண்ட் போனது. ஓடிக்கொண்டிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. சத்தம் நின்றது உறைக்காமல் பக்கத்துத் தறிக்குடோனில் ஒருவர், "நாளைக்குக் கறிச்சோறு திங்க வாரேன்னு உங்க மாமனார்கிட்டச் சொல்லிப்போடு!" என்று கத்த, சோமனூருக்கே கேட்டது. எதிர்வீட்டு அம்மா, "சொல்லிப்போடறமுங்க!" என்று பதில் கொடுக்க, தெருவே சிரித்தது. நானும்தான். லீவுக்கு வந்ததிலிருந்து உங்களை நினைத்து அழக்கூடாது என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது நினைத்தால் குற்றமில்லை அல்லவா, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தறிச் சத்தத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர் நீங்கள். அங்கே காதை நம்ப முடியாது. எதிராளியின் வாயையும் முகத்தையும் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. அம்மா சமையலறைக்குள் இருந்து எதையாவது கேட்டால், எழுந்து போய் அவள் முகத்துக்கு நேராக நின்று, "இப்பச் சொல்லு" என்பீர்கள். "ஏனுங்க, நான் என்ன சினிமாவா, வந்து பாக்கறதுக்கு?" என்று அவள் எரிந்து விழுவாள்.

நான் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்ததற்கு மொழிமேல் இருந்த ஆசை காரணமில்லை. தமிழைவிட மார்க் அள்ளலாம் என்று பாதி வகுப்பு எடுத்தது, கூடவே நானும் எடுத்தேன். மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. பிரெஞ்சில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கச் சொல்லியிருந்தால் தாகத்திலேயே இருந்திருப்பேன். இங்கே டாக்டர் சீட் கிடைக்காமல் பி.எஸ்சி. முடித்து, பிரெஞ்சு பேசும் தூரதேசத்து மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வீம்பாக விண்ணப்பித்தேன். புதுச்சேரி டீச்சர் ஒருவர் ஆன்லைனில் பேசப் பழக்கினார். ஒருநாள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தே விட்டது. வீடியோவில், முழுக்கப் பிரெஞ்சில். ஒரு பாதி கேள்வி பதில். மறு பாதியில் ஒரு நடிகர் நோயாளியாக வந்து உட்காருவார். அவரிடம் ஒரு கெட்ட செய்தியை நான் சொல்ல வேண்டும். அதில் சொதப்பினால் சீட் இல்லை.

"நோயாளிக்கு ஆள் வேணும்னா நான் இருக்கறேன்ல" என்றீர்கள்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதுங்களேப்பா."

"டாக்டர் பேசறது நோயாளிக்கு எந்தக் காலத்துல புரிஞ்சிருக்குது?"

அன்றிலிருந்து தறிக்குடோனை ஒட்டிய உங்கள் சின்ன அறை ஆஸ்பத்திரியானது. நீங்கள் தமிழில் கேட்பீர்கள், நான் பிரெஞ்சில் சொல்வேன். என்ன நடிப்பு அப்பா அது! துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காங்கேயத்துப் பண்ணையக்காரராக வந்து, "ஏனுங்க டாக்டரம்மா, வெளிய காளையக் கட்டிப்போட்டு வந்திருக்கறேன், வெரசாச் சொல்லுங்க" என்பீர்கள். மறுநாள் சக்கரை வியாதிக்காரராக வந்து என் எதிரிலேயே மைசூர்பாகு தின்பீர்கள். காபி கொண்டுவரும் அம்மா நம் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

முதல் வாரத்திலேயே என் குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கால் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும் என்று உங்களிடம் அழகான பிரெஞ்சில் சொல்லி முடித்து, எப்படி என்று கேட்டேன்.

"நல்ல சேதிதானே சொன்னே? ஊட்டுக்குப் போலாம்னு சொன்னியா?"

"காலை எடுக்கோணும்னு சொன்னேனுங்கப்பா."

"அப்பறம் எதுக்குச் சிரிச்சே?"

நான் சிரித்தது எனக்கே தெரியாது. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் உங்கள் காலை எடுத்திருந்தேன். நம் ஊர்ப் பழக்கம் அது. கல்யாணத்துக்கு வர முடியாது என்றாலும், கேட்ட பொருள் கடையில் இல்லை என்றாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம். எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது. புதுச்சேரி டீச்சர் என் வாக்கியங்களைத் திருத்தினார், சிரிப்பையோ பாராட்டினார். சொல்லெல்லாம் புரிந்த அவருக்குத் தெரியாதது, ஒரு சொல்லும் புரியாத உங்களுக்குத் தெரிந்தது.

"சிரிக்காமச் சொல்லு, அம்மணி. நீ சிரிச்சா நான் பொழச்சுக்குவேன்னுதானே நெனைப்பேன்?"

அதற்கப்புறம் நான் பட்ட பாடு. சிரிப்பை அடக்கினால் முகம் கல்லாகிவிடும். "இப்ப வட்டி வசூலிக்க வந்தவளாட்டம் இருக்கறே" என்பீர்கள். சோகமாக வைத்துக்கொண்டால், "உனக்கு என்ன கண்ணு ஆச்சு, நீ மொதல்ல மாத்திரை போடு" என்பீர்கள். ஒருநாள் வெறுத்துப்போய், இந்தச் சீட்டே வேண்டாம் என்று அழுதேன். நீங்கள் கேலி செய்யவில்லை. "மூஞ்சிய ஒன்னும் பண்ணாத. சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டு, எதுக்கால இருக்கறவன் என்ன பண்றான்னு பாரு. உன்னப் பாக்காத, அவனப் பாரு" என்றீர்கள்.

அப்படியே செய்து பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் கை விளங்காமல் போகப்போகிற தறிக்காரர். சொல்லிவிட்டு உங்களையே பார்த்தேன். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நெசமாலுமே பயந்துட்டேன், போ" என்றீர்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் உங்கள் மைசூர்பாகில் பாதியைத் தின்றேன்.

நேர்முகத் தேர்வுக்குச் சிங்காநல்லூரில் சித்தி வீட்டில் உட்கார்ந்தேன், அங்கே தறிச் சத்தம் இல்லை என்பதால். திரையில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். அவருக்கு வலிப்பு, இனி வண்டி ஓட்டவே கூடாது. மனப்பாடம் செய்திருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் காலை வாரிவிட்டன. "இனி நீங்கள் வண்டி ஓட்ட முடியாது" என்று சின்னப் பிள்ளையின் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்தேன். அவர் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, என் குடும்பத்தை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஆனால் சேர்ந்து யோசிக்கலாம் என்றேன்.

கதவைத் திறந்தால் சித்தி எதிரில் கைபிசைந்து நிற்கிறாள். நீங்களோ வெளியே, என் முகம் தெரியும் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் வெயிலில் நிற்கிறீர்கள். உள்ளே வரக்கூடாது என்று நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தீர்கள். "சிரிக்கல. கெடைச்சுது போ" என்றீர்கள். கல்லூரியின் கடிதம் வருவதற்குள் பாதிச் சோமனூருக்கு லட்டு கொடுத்து முடித்திருந்தீர்கள். கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்களோ!

முதல் வருடம் முடித்து நான் வந்தபோது நீங்கள் இளைத்திருந்தீர்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், அம்மாவுடன் பிறந்த மாமாவிடமும் என்னிடமும் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவருக்குத் தெரிய வேண்டாம், அம்மாவுக்கும் வேண்டாம், தாங்க மாட்டாங்க என்றார் மாமா. பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் ஆப்பிளும் சிரிப்புமாக வந்தது. ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள்.

"எல்லாரும் சிரிச்சுட்டே வாராங்க அம்மணி. எனக்கு ஒன்னும் நல்லாப் படல. நீ சொல்லு."

வாயைத் திறந்தேன். தமிழில் ஒரு சொல் வரவில்லை.

"செரி, பிரெஞ்சுல சொல்லிப்போடு."

சொன்னேன் அப்பா. நோயின் பெயர், அது பரவிவிட்டது, அறுவை செய்து பயனில்லை, சில மாதங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கடைசிவரை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொழைக்க மாட்டேன். அப்படித்தானே?"

"ஆமாங்கப்பா."

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தீர்கள். பிறகு, "உன்ற பிரெஞ்சு முன்னைக்கு எவ்வளவோ தேவலை" என்றீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டு அம்மா உள்ளே வந்தாள். "என்ன சிரிப்பு? நல்ல சேதியா?" என்று அவளும் சிரித்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அவகிட்டயும் நீயே சொல்லு. அவளுக்குப் பிரெஞ்சு ஆகாது."

தமிழில் சொன்னேன். அம்மா அழுதாள், மாமாவைத் திட்டினாள், உங்களையும் திட்டினாள். அழுது முடித்து, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த குறைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நீங்களும் படுத்தபடியே, "தப்புத்தான்... அதுவும் தப்புத்தான்" என்று ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டீர்கள். எந்தத் தறியை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினீர்கள். அங்கிருந்து, கல்லூரிக்குத் திரும்பியிருந்த என்னைப் போனில் கூப்பிட்டு, உங்கம்மா அலைக்குப் பயந்து என் கையை விடமாட்டேங்கறா என்று பெருமை பேசினீர்கள். அந்த மாதங்களில் நம் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

இன்னும் சில வருடங்களில் கெட்ட செய்தி சொல்வது என் வேலையாகிவிடும். அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர் என்று வாசலில் யாராவது என் கையைப் பிடிப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் நின்றதைச் சொல்வேன். அதற்கப்புறம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவேன்.