மெதுவாக, ஆனால் ரொம்ப மெதுவாக அல்ல

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரர் எழுதும் கடிதம் இது. எனக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே. வழக்கமாக எழுதித் தரும் பக்கத்து வீட்டு டீச்சர் வெளியூர் போய்விட்டார். வேறு ஆள் அகப்படவில்லை. ஆகையால் இதில் மாப்பிள்ளையைத் திட்டியிருப்பதெல்லாம் நான் திட்டியது. கையெழுத்து மட்டும் அவருடையது.

நான் சுகம். முழங்கால் வலி அப்படியே. கூடத்தில் உன் செல்லோ வாத்தியம் வழக்கமாக நிற்கும் மூலையில் மாப்பிள்ளை குடையைச் சாத்தியிருந்தார். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

புருஷன் பெண்டாட்டி நகைக்காகச் சண்டை போடுவார்கள், நாத்தனாருக்காகச் சண்டை போடுவார்கள். வாசிக்கிற வேகத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள் நீ ஒருத்திதான். எல்லாம் நீங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற அந்த வெள்ளைக்காரச் சங்கீதத்தின் மூன்றாம் பகுதியால் வந்த வினை. எழுதிய மகராசன் தாளின் தலையில் ‘மெதுவாக, ஆனால் ரொம்ப மெதுவாக அல்ல’ என்று போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாராம். எவ்வளவு மெதுவாக என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நீ செல்லோவில் இழுக்கிறாய் என்கிறார் அவர். அவர் வயலினைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார் என்கிறாய் நீ.

கல்யாணமான புதிதில் இதே பகுதியை இதே கூடத்தில் வாசித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே மழை. நீ பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாய். அன்றைக்கு இழுத்தவர் இவர். “தூங்கிட்டீங்களா?” என்று வில்லால் அவர் முழங்காலில் தட்டினவள் நீ! இதைச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. “அப்படியெல்லாம் இல்ல மாமா” என்கிறார். “எழுதுங்க மாப்ளே” என்றேன். எழுதுகிறார்.

உன் இடத்துக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார். தங்கமான பிள்ளை. வேகமாக என்றாலும் “சரிங்க சார்”, மெதுவாக என்றாலும் “சரிங்க சார்”. சண்டை போட ஆளில்லாமல் உன் வீட்டுக்காரர் இளைத்துவிட்டார். வியோலா வாசிக்கும் அம்மாள் நடுநடுவே கொட்டாவி விடுகிறாள்.

நேற்று ஒத்திகையில் நடந்ததை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்த மூன்றாம் பகுதியில் இசை மேலே போய்த் திரும்புகிற இடத்தில் நீ ஒரு மூச்சு நிறுத்துவாயே, “தாள்ல அப்படி இல்லையே!” என்று உன்னிடம் கத்துவாரே, அந்த இடம். நேற்று அங்கே வந்ததும் இவரே வில்லைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை பாட்டுக்கு நேராகப் போய்விட்டார். நாலு பேரும் நாலு திசையில் சிதறினார்கள். “ஏன் சார் நின்னீங்க? தாள்ல அப்படி இல்லையே” என்று அந்தப் பிள்ளை கேட்டார். “அங்க நிக்கணும் தம்பி” என்று சொல்லிவிட்டு இவர் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். வெகுநேரம் குடித்தார்.

நான் சொன்னதையெல்லாம் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் கடகடவென்று ஓடிய பேனா இப்போது சொல்லுக்குச் சொல் நின்று நின்று போகிறது.

சனிக்கிழமை கச்சேரி. அந்த மூன்றாம் பகுதியை நீ எவ்வளவு வேண்டுமானாலும் இழு அம்மா, ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வருவதை மட்டும் இழுக்காதே. நன்றாக இரு.

உன் அப்பா
(கைநாட்டு)