வலது இறக்கையின் கோடு

மார்ச் 4, செவ்வாய்

மாதிரி விமானத்தின் வலது இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்த இடைவெளியை இன்று புட்டிப் பசையால் அடைத்தேன். மெல்லியதாகப் பலமுறை இடுவதைவிட, ஒரேமுறை தாராளமாக இட்டு, காய்ந்தபின் தேய்த்துவிடுவது பாதுகாப்பானது என்று தோன்றியது. இதுவரை செய்தவை எல்லாம் பச்சையும் பழுப்பும். சிறு குறைகளை அந்த மங்கல் நிறங்கள் விழுங்கிவிடும். இதற்கோ முழுக்க வெள்ளிப் பூச்சு. மயிரிழைக் கீறலையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை போனதிலிருந்து எங்கள் பின்னறையில் தங்கியிருக்கும் மனைவியின் தம்பி எட்டிப்பார்த்தான். "அத்தான், இது லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

மார்ச் 6, வியாழன்

நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு என உப்புத்தாளை மாற்றி மாற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கண்ணை மூடி விரலால் தடவினால் இணைப்பு எங்கே என்று சொல்ல முடியவில்லை. கழுவி உலர்த்தி, கையுறை அணிந்து, பளபளப்புக் கறுப்பை அடித்தேன். வெள்ளிக்கு அடியில் இந்தக் கறுப்பு கண்ணாடிபோல் அமைய வேண்டும். அமைந்தது. மேசை விளக்கின் பிம்பம் அதில் நெளியாமல் விழுந்தது.

பெட்டியில் வைத்து மூடினேன். எவரும் தொடக் கூடாது என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோடு.

இணைப்பின் மேலேயே, யாரோ நகத்தால் அழுத்தியதுபோல ஒரு மெல்லிய பள்ளம். வியாழனன்று அது இல்லை. இதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

வீட்டில் மூன்று பேர். நான் செய்யவில்லை. மனைவி அந்த அறைக்கு வருவதே, "இந்தத் தின்னர் நாத்தம் குடலைப் புரட்டுதுங்க" என்று சொல்லத்தான். மிச்சம்?

யாரையும் கேட்கவில்லை. ஆதாரமின்றிக் கேட்பது முறையன்று. பள்ளத்தை மீண்டும் நிரப்பினேன், இம்முறை இன்னும் தாராளமாக.

மார்ச் 11, செவ்வாய்

தேய்த்து, கறுப்பு அடித்தாயிற்று. பெட்டிக்கும் மூடிக்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டினேன். தேடிப் பார்த்தாலொழியக் கண்ணில் படாது.

மார்ச் 14, வெள்ளி

நூல் அறுந்து கிடந்தது. கோடும் அதே இடத்தில்.

மைத்துனனைக் கூப்பிட்டேன்.

"ஆமா அத்தான், திறந்தேன். பார்த்தேன். தொடலை."

"பார்க்கறதுக்கு மூடியை எதுக்குத் திறக்கணும்?"

"மூடியோட பார்த்தா மூடிதானே தெரியும்!"

எத்தனை முறை திறந்தாய், எந்தக் கையால், யாருடைய அனுமதியுடன் என்று வரிசையாகக் கேட்டேன். "வீட்டுக்குள்ளயே கோர்ட்டு வச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. அங்கே நிறுத்தியிருக்கலாம். "பொழுது போகலைன்னா போய் வேலை தேடு, என் சாமானைக் கெடுக்காதே" என்று சொல்லிவிட்டேன்.

அவன் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குற்றம் உள்ளதால்தானே?

மார்ச் 15, சனி

காலையில் மைத்துனன் துணிப்பையோடு தன் நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

"சின்ன வயசிலேருந்தே எடுத்தா எடுத்தேன்னு சொல்றவன் அவன். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. தெரியும். ஆனால் நூல் வேறு சொல்கிறதே.

மார்ச் 17, திங்கள்

நேற்று மூன்றாம் முறையாக நிரப்பித் தேய்த்து, கறுப்பு அடித்தேன். இன்று அலுவலக இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி ஒன்றுதான், என் சட்டைப்பையில்.

"சார், பீரோவுல பிளேன் இறங்கிடுச்சு. கேஸ் கட்டெல்லாம் எங்க இறக்க?" என்றார் குமாஸ்தா. தரையில் என்றேன்.

வீட்டில் மனைவி தட்டை வைக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.

மார்ச் 20, வியாழன்

பீரோவைத் திறந்தேன். கோடு.

முதலில் குமாஸ்தாவைத்தான் ஏற இறங்கப் பார்த்தேன். இரும்புப் பூட்டு, ஒரே சாவி, அது என்னிடம். இருந்தும் அந்த மனிதரின் நகத்தைப் பார்த்தேன்!

யாரும் தொடவில்லை என்றால்— யாருமே தொடலைன்னா? ஐயோ, என்னத்தைப் பண்ணி வச்சிருக்கேன் நான்.

பதற்றப்படக் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளில் ஒரே அளவு பள்ளம் கீறினேன். ஒன்றில் மெல்லிய பூச்சுகளாகப் புட்டி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. மற்றதில் என் வழக்கப்படி. இரண்டையும் தேய்த்து, கறுப்பு அடித்து, பீரோவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

மெல்லியதாக இட்டது கண்ணாடியாக இருக்கிறது. என் வழக்கப்படி இட்டது அமிழ்ந்துவிட்டது.

தடித்த புட்டி மேலே காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி, மேலிருந்த கறுப்பையும் உள்ளே இழுத்திருக்கிறது. நூல் அறுந்ததற்கு ஒரு காரணம். கோடு விழுந்ததற்கு வேறொரு காரணம். இரண்டையும் முடிச்சுப் போட்டவன் நான். என் ஜூனியர் இப்படி வாதாடியிருந்தால் நீதிமன்றப் படியேற விட்டிருக்க மாட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

மார்ச் 29, சனி

மைத்துனன் தங்கியிருந்த நண்பன் அறைக்குப் போனேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், பிளேன் பறந்துடுச்சா?"

"நீ தொடலை."

"அதைத்தானே அன்னிக்கே சொன்னேன்."

வழியெல்லாம் நான்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கையும் விட்டுவிட்டேன். "தப்பு என்மேலதான். வீட்டுக்கு வா" என்றேன்.

"பார்க்கலாம் அத்தான்" என்றான். மாடிப்படி வரை வந்து வழியனுப்பினான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மெல்லிய பூச்சுகளாக, பொறுத்துப் பொறுத்துச் செய்து, வெள்ளி அடித்து முடித்துவிட்டேன். மைத்துனன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். தங்க அல்ல, சாப்பிட மட்டும். அவன் ஏதோ சொல்ல, மனைவி வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

விமானத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். "பிடி. கையுறையெல்லாம் வேண்டாம்."

"பரவாயில்லை அத்தான், இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, இறக்கையை வெகுநேரம் பார்த்தான். கோடு இல்லை.